பாசலில் வண்டி மாற வேண்டும்

எங்கள் ஊர்த் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலரைத் தயாரிக்கிற தம்பி ஒருவர் போன மாதம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பவானி அக்கா, நீங்கள் பான்ஹோப் ஸ்ரேசனிலை ரிக்கற் குடுக்கிற இடத்திலை இருந்து பென்சன் எடுத்தனீங்கள். லீவிலை ஒரு கிழமை யூரோப்பைச் சுத்திப் பாக்கிற ஆக்களுக்கு றெயின் ரூட் போடுறது எப்பிடியெண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன். பிரயோசனமாய் இருக்கும்" என்றார்.

"எழுதலாம். ஆனால் நான் எழுதினால் கைக்கும்" என்றேன்.

"அது பரவாயில்லை அக்கா. நாங்கள் பாத்துத் திருத்திப் போடுவம்."

திருத்துவதானால் என் பெயரை எடுத்துவிட்டுப் போடட்டும். மற்றவர்கள் திருத்தித் திருத்தித்தான் நான் ஓய்வு எடுக்கும் வயது வரைக்கும் வந்தேன். இனி என்னிடம் திருத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

நான் வேலை செய்தது ஜேர்மனியில், வுப்பர்டாலுக்குப் பக்கத்து ரயில் நிலையம் ஒன்றின் பயணச்சீட்டு நிலையத்தில். அதை இந்த வருடம் பூட்டிவிட்டார்கள். கண்ணாடிக் கதவின் உட்பக்கத்தில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் போய் இருந்தால் திரையில் ஒரு முகம் வரும். சும்மா இருக்க ஏலாமல் நானும் ஒரு நாள் போய் இருந்து பார்த்தேன். எந்த ஊரிலோ இருந்துகொண்டு ஒரு பையன் மிகவும் மரியாதையாகக் கதைத்தான். எங்கே போகவேண்டும் என்று கேட்டான், கண் மூடித் திறப்பதற்குள் வழி போட்டான். யார் போவது என்று கேட்கவில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் திரைக்குள் இருக்கிறவனோடு சண்டை பிடித்து என்ன வரப்போகிறது?

சரி, தம்பி கேட்ட விசயத்துக்கு வருகிறேன். குறுகிய ஐரோப்பியப் பயணம் என்றால் ஜேர்மன்காரருக்கு ஒரு கோபுரம், ஒரு அருங்காட்சியகம், ஒரு ஏரிக்கரை. எங்கள் ஆட்களுக்கு ஒரு பெரியம்மா, இரண்டு மச்சாள், ஒரு சித்தப்பா. பாரிசுக்குப் போய் மாமா வீட்டில் படுத்து, அடுத்த நாள் சித்தி வீட்டில் சாப்பிட்டு, ஐபல் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் கண்டுவிட்டுத் திரும்புவார்கள். அதுவும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டுதான் போவார்கள், வேறு சொந்தக்காரர் கண்டால் "வந்தும் வீட்டை வரேல்லையோ" என்ற கதை வந்துவிடும். அந்தக் கோபம் பேரப்பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் நின்று பிடிக்கும்.

ஆகவே, ஜேர்மன்காரர் வந்தால் கணினியில் வழி பார்த்தேன். எங்கள் ஆட்கள் வந்தால் முதலில் ஆரோடு ஆர் கதை இல்லை என்று பார்த்தேன். செத்தவீடு நடந்த வீடு ஏதும் வழியில் இருக்கிறதா? அங்கே போய்விட்டு அடுத்த நாள் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் போகலாமா? புறப்படுகிற நேரம் இராகுகாலமா? அந்த இராகுகாலம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கா, இங்கத்தைய சூரியனுக்கா? இதற்காகவே என் மேசை லாச்சிக்குள் ஒரு பஞ்சாங்கக் கலண்டர் கிடந்தது. ஒருவர் பாரிசில் இரண்டு அண்ணன்மாரைப் பார்க்கவேண்டும் என்று வந்தார். ஒரே கட்டடத்தில் மேல்மாடியும் கீழ்மாடியும், முகம் பார்ப்பதில்லை. "பெட்டியை ஸ்ரேசனிலை பூட்டி வைச்சிட்டு வெறுங்கையோடை போங்கோ. அப்பதான் ரெண்டு பேரும் தங்களிட்டைத்தான் முதல் வந்தவன் எண்டு நினைப்பினம்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அப்படியே செய்து, திரும்பி வந்து எனக்கு ஒரு பெட்டி சொக்கிளேற் தந்தார். நாற்பது வருட அகதி வாழ்க்கையில் நாங்கள் கற்றுக்கொண்ட ராஜதந்திரம் அவ்வளவுதான்.

நான் அந்த மேசைக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். எண்பதுகளில் வந்தேன், கொட்டேல் அறைகளில் கட்டில் விரித்தேன், பாடசாலை நிலம் துடைத்தேன். மொழி வந்தது. அதன்பிறகு என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தேன். அவ்வளவுதான்.

உண்மையான படிப்பு திருமதி ஹார்ட்விக்கிடம்தான். அவர் எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர். மெலிந்த, உயர்ந்த மனுசி. குரல் உயர்த்தமாட்டார், சிரிக்கவும் மாட்டார். என் குடும்பப் பெயரான சிவப்பிரகாசத்தை மற்றவர்கள் "சிவா" என்று வெட்டிக்கொண்டார்கள். அவர் மட்டும் படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக ஏறிக் கடைசி வரைக்கும் போவார். பிழையாகத்தான் சொல்வார், ஆனால் ஒரு நாளும் வெட்டியதில்லை. என் ஜேர்மன் பிழைகளை வாடிக்கையாளர் முன்னாலேயே திருத்துவார். முதல் இரண்டு தரமும் கழிவறைக்குள் போய் அழுதேன். மூன்றாம் தரம் அழுகை வரவில்லை, சரியான சொல்தான் வாயில் வந்தது. "நல்லது" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வேலை பிடிக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றுவார். பிடித்தால் பேசாமல் தன் ரிக்கற் யன்னலுக்குத் திரும்பிப் போவார்.

வழி போடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் மூன்று கேள்வி. யார் போகிறார்? என்ன தூக்கிக்கொண்டு போகிறார்? அது நடக்கவில்லையென்றால்? இந்த மூன்றாவது கேள்வியை அவர் "இல்லையென்றால்?" என்ற ஒற்றைச் சொல்லாகத்தான் கேட்பார். வண்டி பிந்தினால், ஆள் களைத்தால், கதவு பூட்டினால், அடுத்தது என்ன? பிறகு திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் மாறுகிற இடம் ஒவ்வொன்றையும் தொடுவார். தொட்டுவிட்டு, எதிரே இருப்பவர் தலையாட்டும் வரைக்கும் பென்சிலை எடுக்கமாட்டார். தலையாட்டாவிட்டால் அச்சடிக்கமாட்டார். பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் அவருக்குக் காது கேட்காது.

பயிற்சிக் காலத்தில் நான் கைக்குழந்தைக்காரத் தம்பதிக்குக் கொலோனில் சில நிமிடத்துக்குள், மிகவும் கிட்ட மாறுகிற வண்டி ஒன்றைப் போட்டேன். கணினி தந்தது, நான் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த நாள் என்னைக் கொலோனுக்கே கூட்டிப்போனார். ஒரு பழைய பெட்டிக்குள் தடித்த நேர அட்டவணைப் புத்தகங்களை அடைத்து என் கையில் தந்து, "இப்போது நடவுங்கள்" என்றார். சனத்துக்குள்ளால், படி இறங்கி, சுரங்கத்தால் நடந்து, மற்றப் படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனபோது வண்டியின் பின்விளக்கைத்தான் கண்டேன். "இனி இதையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நினைத்துப் பாருங்கள்" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க நான் மனதுக்குள் அவரைத் திட்டிய திட்டு யாழ்ப்பாணத்துச் சந்தையிலும் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் யாரையும் ஓடவிட்டதில்லை.

இனி லோகன் அண்ணையின் தாயின் கதை.

போர் நிறுத்தம் என்று சொல்லி ஊருக்குப் பாதை திறந்திருந்த காலம். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கிற வசதி வராத காலம். எங்கள் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு தாய் தகப்பனைக் கூப்பிட்டார்கள். லோகன் அண்ணை இங்கே கோயில் நிர்வாக சபைத் தலைவர், இரண்டு கடைக்குச் சொந்தக்காரர். ஒரு நாள் தாயைக் கூட்டிக்கொண்டு என் யன்னலுக்கு வந்தார். தாய்க்குச் சேலைக்கு மேலே தடித்த குளிர்க் கோட்டு, காலில் விளையாட்டுச் சப்பாத்து. அந்த மாமி நிற்க ஏலாமல் மேசையைப் பிடிப்பதைக் கண்டு ஹார்ட்விக் தன் கதிரையையே கொண்டுவந்து போட்டார்.

"தங்கச்சி, அம்மாவுக்கு விசா முடியப் போகுது" என்று தொடங்கினார் லோகன் அண்ணை. "முதல் பாரிசிலை என்ரை தங்கச்சி வீடு. பிறகு சூரிச்சிலை மற்றத் தங்கச்சியின்ரை மகளுக்கு ஞாயிறு சாமத்தியவீடு. சனிக்கிழமை பாரிசிலையிருந்து சூரிச்சுக்குப் போகவேணும். வரேக்கை மச்சான் காரிலை கொண்டுவந்து விடுவார். பேர்ன் பக்கத்தாலை மாறாமல் போற றெயின் ஒண்டு இருக்காம். அதைப் போடுங்கோ. பாசல் பக்கம் வேண்டாம்."

பாசல் ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துத் தமிழருக்கெல்லாம் தெரிந்த விசயம். பாசலில் அவருடைய தம்பி கண்ணன் இருந்தார். இந்தக் குடும்பம் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாத சாதியில் பெண் எடுத்தார் என்று கண்ணனை எல்லோருமாகத் தள்ளி வைத்தார்கள். கல்யாணப் படத்தை ஊருக்கு அனுப்பினாராம். தகப்பன் தபால்காரன் முன்னாலேயே கிழித்துப் போட்டாராம். வீட்டை விட்டு வந்தோம், வேலி, காணி, ஆடு மாடு, பாஸ்போட், எல்லாவற்றையும் விட்டு வந்தோம். சாதியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம். எந்த எல்லையிலும் அதற்கு விசா கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து லோகன் அண்ணைக்குக் கடையில் இருந்து அழைப்பு வந்தது. வெளியே போனார். மாமி கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"பிள்ளை, பாசல் எண்ட ஊராலை போனால் என்ன பிழை?"

"பிழை ஒண்டும் இல்லை மாமி. ஒருக்கா இறங்கி மாறவேணும்."

"அங்கை என்ரை கடைக்குட்டி இருக்கிறான். பதினேழு வயசிலை, ஆமி சுத்தி வளைச்ச அண்டைக்குப் பின்வேலியாலை பாய்ஞ்சு போனவன். போயிட்டு வாறன் எண்டும் சொல்லேல்லை. தேப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைக்குட்டி எல்லோ கொள்ளி. எனக்குக் கொள்ளி வைக்கிறவனை ஒருக்கால் கண்ணாலை பாத்திட்டுப் போகவேணும் பிள்ளை. இன்னொருக்கா வர எனக்கு ஏலாது. நெஞ்சு வருத்தம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

"ரெலிபோனிலையாவது கதைச்சனீங்களோ?"

"பெரியவன்ரை வீட்டிலை இருந்துகொண்டு எப்பிடிக் கதைக்கிறது? நம்பரும் இல்லை."

இருபது வருடமாக ஒரு பிள்ளையைக் காணாத மனுசி, அந்தப் பிள்ளையின் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வழி கேட்கிற மூத்த மகன், வழி போடுகிற நான்.

லோகன் அண்ணை திரும்பி வந்தார். நான் லாச்சியைத் திறந்து பஞ்சாங்கக் கலண்டரை எடுத்து மேசையில் வைத்தேன். "லோகன் அண்ணை, ஒரு பிரச்சினை. சனிக்கிழமை ஒன்பது தொடக்கம் பத்தரை இராகுகாலம். உந்த பேர்ன் றெயின் பாரிசிலை வெளிக்கிடுறது சரியாய் அதுக்குள்ளை."

அவர் கலண்டரைப் பார்த்தார். "வீட்டாலை வெளிக்கிடுற நேரம்தானே தங்கச்சி கணக்கு. ஒன்பதுக்கு முதல் வாசல் தாண்டினால் சரி."

எங்கள் ஆட்கள் எல்லோரும் பாவிக்கிற ஓட்டைதான் அது. அப்போதுதான் மாமி சொன்னார்: "சாமத்தியவீட்டுக்குப் போற பயணம் தம்பி. இராகுகாலத்திலை நான் றெயினிலை கால் வைக்கமாட்டன். நீ போறதெண்டால் போ."

பின்னால் வரிசையில் இரண்டு தமிழ்க் குடும்பம் நின்றது. கோயில் தலைவர் இராகுகாலத்தை மதிக்கவில்லை என்ற கதை பின்னேரப் பூசைக்கு முதல் ஊர் முழுக்கப் போய்விடும். அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். "அப்ப வேறை என்ன இருக்கு?" என்றார்.

"பத்தரைக்குப் பிறகு வெளிக்கிடுறது பாசலாலைதான் போகுது. மாமிக்குக் கால் ஏலாது. கிட்ட மாறுற வண்டியைப் போட்டால் ஓடவேணும். நான் ஒரு மணித்தியாலம் விட்டுப் போடுறன்."

"போடுங்கோ. ஸ்ரேசனுக்குள்ளையே இருப்பம்" என்றார், முகத்தை இறுக்கிக்கொண்டு. மாமி என்னைப் பார்க்கவில்லை. கோட்டுப் பொத்தானை மட்டும் ஒருக்காப் பூட்டிக் கழற்றினார்.

அவர்கள் போனபிறகு ஹார்ட்விக் வந்தார். மாறாமல் போகிற வண்டி இருக்க ஏன் மாறுகிற வண்டி என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். "நாங்கள் ரயிலுக்குத்தான் வழி போடுகிறோம், திருமதி சிவப்பிரகாசம், மனிதருக்கு அல்ல" என்றார். சரி, இனி ரத்து செய்யச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பென்சிலை எடுத்து ஒரு காகிதத்தில் பாசல் நிலையத்தைக் கீறினார். பிரெஞ்சு வண்டி வருகிற பகுதி தனி, அங்கிருந்து நடந்துதான் சுவிஸ் பகுதிக்கு வரவேண்டும். சூரிச் வண்டி நிற்கும் மேடையில், லிப்டுக்குக் கிட்ட, இருப்பதற்கு ஒரு வாங்கு இருக்கிறது, கிழவிக்கு அதுதான் நல்லது, மகனுக்கும் அந்த இடத்தைச் சொல்லுங்கள் என்றார். கடைசியில் கேட்டார்: "இல்லையென்றால்? அந்த மகன் வராவிட்டால்?"

"வருவார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. தன் யன்னலுக்குப் போய்விட்டார்.

லோகன் அண்ணைக்கே தொலைபேசி எடுத்து, லிப்ட் பக்கத்து வாங்கில் இருக்கச் சொல்லி ஒரு சாட்டோடு சொல்லிவிட்டேன். தாயின் கால் வருத்தம் நல்ல சாட்டு, அந்த வாங்கு எதற்கு என்று மாமிக்குத் தானாக விளங்கும். கண்ணனுடைய இலக்கத்தைப் பாசலில் தமிழ்க் கடை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டு எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். "அக்கா, அம்மாவைப் பிளாட்போமிலை வைச்சுப் பாக்க நான் என்ன கள்ளனோ? என்ரை வீடு பத்து நிமிசத் தூரம். வீட்டை வரச் சொல்லுங்கோ. என்ரை மனுசியின்ரை கையாலை ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும்" என்றார்.

"அண்ணை கூட வாறார் தம்பி. விடமாட்டார். இந்த ஒரு மணித்தியாலம்தான் இருக்குது. வாரும்."

"வாறன். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன். மனுசி வரமாட்டாள், நானும் கேக்கமாட்டன். ஆனால் ஒண்டு அக்கா. அண்ணை பக்கத்திலை இருக்க நானாய்ப் போய்க் கெஞ்சிக்கொண்டு நிக்க ஏலாது. அம்மா கூப்பிடட்டும். கண்ணா எண்டு ஒரு சொல்லுக் கூப்பிட்டால் காணும், ஓடிவருவன்."

"கூப்பிடாமல் விடுவாவோ" என்றேன். அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. சந்தோசத்தில் புட்டு அவிக்கப் போய்த் தண்ணீர் வற்றிப் பானையையே எரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை வண்டிகள் எல்லாம் நேரத்துக்கு ஓடின. அதையும் சொல்லவேண்டும். ரயிலைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை கண்ணன் என் யன்னலுக்கே தொலைபேசி எடுத்தார். "அக்கா, இனி எங்கடை விசயத்திலை தலையிடாதைங்கோ" என்றார்.

"என்ன தம்பி நடந்தது? வரேல்லையோ அவை?"

"வந்தவை. நீங்கள் சொன்ன வாங்கிலைதான் இருந்தவை. நான் பிள்ளையளோடை நேர முன்னாலை நிண்டனான். அந்த மணித்தியாலம் முழுக்க. அம்மா பாத்தா அக்கா. ஒருக்கா இல்லை, நாலைஞ்சு தரம் என்ரை முகத்தைப் பாத்தா. பாத்துப்போட்டு மற்றப் பக்கம் திரும்பினா. அண்ணையும் பாத்தவன், உடனை பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கொண்டான். என்ரை மகள் கேட்டாள், அப்பா, உதுதான் அப்பம்மாவோ எண்டு. இல்லை, அது வேறை ஆரோ ஆக்கள் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

நான் ஏதோ சொல்லப் போனேன். அவர் வைத்துவிட்டார்.

எனக்கு அந்த மனுசியில் வந்த கோபம் சொல்ல ஏலாது. என்னிடம் கொள்ளிக் கதை சொல்லிக் கண் கலங்கிவிட்டு, மகனை நேரே கண்டதும் சாதி முன்னாலே வந்து நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இப்படியான ஆட்களுக்காக நான் பொய் சொன்னேனே, ஹார்ட்விக்கிடம் வேறு எல்லாம் சொன்னேனே என்று வெந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் மாமிக்கு பிராங்பேர்ட்டில் இருந்து விமானம். விமான நிலையத்துக்குப் போகிற ரிக்கற் வேண்டும். நான் மாமியின் முகத்தைப் பாராமல் கணினியைப் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

"பிள்ளை, நீர் சொன்ன வாங்கு நல்ல வாங்கு" என்றார் மாமி. குரலில் உயிர் இல்லை. "லிப்டும் கிட்டத்தான். கனநேரம் இருந்தனாங்கள்." லோகன் அண்ணை பக்கத்தில் நிற்பதால் அதற்கு மேல் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மெல்லச் சொன்னார்: "ஒருத்தரும் வரேல்லை."

நான் தலையை நிமிர்த்தினேன்.

"நான் ஒரு நிமிசம் கண்ணை மூடேல்லை பிள்ளை. லிப்ட் கதவு திறக்கத் திறக்கப் பாத்தனான். எத்தினை மெல்லிசுப் பெடியள் வந்தாங்கள், ஒருத்தனும் இல்லை. முன்னாலை ஒரு தமிழாள் நிண்டது, மொட்டைத் தலை, நல்ல மொத்தம், ரெண்டு பிள்ளையளோடை. அந்தாளும் எங்களையே பாத்துக்கொண்டு நிண்டது. பாவம், அவையும் ஆருக்கோ பாத்து நிண்டவை போலை. கடைசியிலை அவையின்ரை ஆளும் வரேல்லை, போட்டினம்."

நான் லோகன் அண்ணையைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த புறப்பாட்டுப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.

"லோகன் அண்ணை, நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"தங்கச்சி, ரிக்கற்றைப் போடுங்கோ. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

"மாமி" என்றேன், "அந்த மொட்டைத் தலைக்காரர்தான் உங்கடை கண்ணன்."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக மூத்தவரின் பக்கம் திரும்பினார். "தம்பி, அது அவனோ?"

"அவன் வந்து கதைச்சிருக்கலாம்தானே அம்மா" என்றார் லோகன் அண்ணை. "நானோ போய்க் கூப்பிடுறது? சின்னவன் அவன்."

ஒருவரும் கத்தவில்லை, அடிபடவில்லை. பக்கத்து யன்னலில் இருந்த ஹார்ட்விக்குக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் எழும்பி வந்து, என் யன்னலில் 'பூட்டியிருக்கிறது' என்ற அட்டையை வைத்து, வரிசையைத் தன் பக்கம் திருப்பினார்.

நான் தட்டத் தொடங்கினேன். இன்றைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டால் இரவுச் சாப்பாட்டுக்குப் பாசல். கண்ணன் வீட்டில் படுக்கலாம். நாளைக்குக் காலை பாசலில் இருந்து பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு மாறாமல் ஒரு வண்டி. லோகன் அண்ணை பெட்டிகளை நேரே அங்கே கொண்டுவரலாம். ஒரு வண்டி தவறினாலும் அடுத்த வண்டி இருந்தது, அதற்கடுத்ததும் இருந்தது. ஹார்ட்விக்கின் மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. என் சேவைக் காலத்தில் நான் போட்ட எந்த வழியும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. திரையை மாமி பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் கண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, அம்மாவுக்கு உம்மை அடையாளம் தெரியேல்லை. மெல்லிசுப் பெடியனைத் தேடிக்கொண்டு இருந்தவவாம். இப்ப என்ரை பக்கத்திலைதான் இருக்கிறா. குடுக்கிறன், கதையும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என் காதில் இருந்து எடுக்க ஏலாமல் இருக்கிறது. "பெத்த தாய்க்குப் பிள்ளையைத் தெரியாமல் போகுமோ அக்கா? அண்ணை சொல்லிக் குடுத்திருப்பான், நீங்களும் நம்பிறியள். வையுங்கோ" என்றார். நான் வைக்க முதல் அவர் வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சில நாளில் அந்த இலக்கமே இல்லாமல் போனது. அடுத்த வருடம் மாமி ஊரில் செத்தபோது தங்கையின் பிள்ளை, பெறாமகன் ஒருவர்தான் கொள்ளி வைத்தாராம். லோகன் அண்ணை இங்கே கோயிலில் பெரிய அன்னதானம் கொடுத்தார். நான் போகவில்லை.

அன்றைக்கு மேசையில் மாமி என் கையில் இருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம் பிள்ளை?"

"வேலையிலை நிக்கிறாராம் மாமி. பிறகு எடுப்பாராம்" என்றேன்.

அவர் நம்பினாரோ இல்லையோ, தலையாட்டினார். லோகன் அண்ணை, "பிராங்பேர்ட்டுக்கு மட்டும் போடுங்கோ" என்றார். மாமி திரையை என் பக்கம் தள்ளித் திருப்பினார். நான் அச்சடித்துக் கொடுத்தேன். லோகன் அண்ணை அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவடிக்குப் போய் நின்றார். மாமி கதிரையைப் பிடித்து எழும்பினார். இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, மேசையில் கை ஊன்றி, மகனுக்குக் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, அந்தக் குஞ்சுகள் ரெண்டும் ஆரின்ரை சாயல்? நான் அந்தாளைத்தான் பாத்தனான். பிள்ளையளின்ரை முகத்தை வடிவாய்ப் பாக்கேல்லை."

நானும் அவர்களைக் கண்டதில்லை மாமி என்று சொன்னேன்.